பக்கத்து மேசை

பெரியப்பாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அவருடைய பிள்ளைகள் பிறந்தநாள் மலர் போடுகிறார்களாம். "நீதானே பள்ளிக்கூடத்துல கட்டுரை சொல்லித் தர்றவ, ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றான் பெரிய அண்ணன். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. இருந்தும் தலையாட்டினேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, வேலைநிறுத்த வருடத்தில் தலைமறைவானார். ஒளிந்திருந்த இடத்தைத் தன் நண்பரான தையல்காரருக்கு மட்டும் கடிதத்தில் எழுதினார். நாலாம் நாள் போலீஸ் வந்தது. அப்பா சிறையிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா ஐம்பது வருடமாகத் தையல்காரரைச் சபிக்கிறாள். அவர் செத்த பிறகும் விடவில்லை.

பெரியப்பா பத்தொன்பது வயதில் தபால் ஆபீஸின் பின்னறையில் சேர்ந்தவர். உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிப்பது, படிப்பது, சந்தேகமானதை நகலெடுத்து மேலே அனுப்புவது, பிறகு பசை தடவி ஒட்டுவது. வெளிநாட்டுக்காரன் ஆண்டபோது விடுதலை கேட்டவர்களின் கடிதங்களைப் பிரித்தார். அவர்கள் மந்திரிகளானதும் அவர்களை எதிர்த்தவர்களின் கடிதங்கள். ராணுவம் வந்ததும் மந்திரிகளின் கடிதங்கள்.

"கவர்மென்ட்தான் மாறிச்சு, கெட்டில் ஆறவே இல்ல" என்று, குறிப்பெடுக்கப் போன என்னிடம் பொக்கை வாய் திறந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா தையல்காரருக்கு எழுதின கடுதாசி உங்க மேசைக்கு வந்துச்சா?"

மழுப்புவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துச்சு. நான் பிரிக்கவே இல்லம்மா. சொந்தக்காரங்க கவரை நாம பிரிக்கக் கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ளிடணும். அதுதான் ரூல். நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட மீறினதில்ல."

"உறைமேல அப்பா பேர் இருந்துச்சா?"

"ஒளிஞ்சிருக்கிறவன் பேர் போடுவானா? கையெழுத்தைப் பார்த்தேன். அவனுக்கு எழுதக் கத்துக் குடுத்ததே நான்தானே!"

"சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே பெரியப்பா?"

"அது திருட்டு" என்றார். நான் அப்படிச் சொன்னதில் நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. தம்பியைத் தள்ளிவிட்ட கை, வெற்றிலைப் பெட்டியைத் தேடுவது மாதிரி சாவகாசமாகக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை அப்படியே மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். போடுவதும் கிழிப்பதும் அவர்கள் பாடு.

அம்மாவிடம் சொன்னபோது புருஷனுக்கு அண்ணன் என்றுகூடப் பாராமல் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெரியப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"உங்கப்பா பிணம் வந்த அன்னைக்கு அந்தத் தையல்காரர் வந்தாரு. மூஞ்சியில காறித் துப்பினேன். துடைச்சுக்கிட்டு, சுடுகாடு வரைக்கும் ஒத்தை ஆளாப் பின்னாடியே நடந்து போனாரு" என்றாள்.