பெரியப்பாவின் கார்க் கண்ணாடி

"ஞொய்ங்" என்று ஒரு முனகல், அப்புறம் ரப்பரில் முட்டி நிற்கிற "டொக்". ஊரே கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கார்க் கண்ணாடி ஏற்றிய காலத்தில், பெரியப்பா வாங்கிவந்த அந்தப் பழைய வெளிநாட்டுக் காரில் ஸ்விட்சில் விரல் வைத்தால் போதும், கண்ணாடி தானாக ஏறும். கதவுக்குள் ஒரு சின்ன மோட்டார், கத்தரிக்கோல் மாதிரி விரிந்து கண்ணாடியைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகள், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இன்றைய கார்களில் குறுக்கே கை இருந்தால் கண்ணாடி நின்று இறங்கிவிடும். பெரியப்பாவின் காருக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. பெரியப்பா கிணத்துக்கடவுத் தென்னந்தோப்பில் காரை நிறுத்தி, வெள்ளரிப்பிஞ்சை இடுக்கி நசுக்கிக் காட்டிவிட்டு, தேங்காய் உரிக்கிறவரைக் கூப்பிட்டு, "ஏப்பா, வெரலக் குடு பாக்கலாம்" என்பார். அந்த மனுஷன் மிரண்டு பின்வாங்கும்போது நாங்கள் சிரித்தாக வேண்டும்.

டிரைவர் பக்கத்துக் கதவில் நாலு ஸ்விட்சும் ஒரு பூட்டுப் பொத்தானும் இருந்தன. அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டால் பின்சீட்டு ஸ்விட்சுகள் செத்துப்போகும். பின்னால் இருப்பவர் தலைகீழாக நின்றாலும் கண்ணாடி இறங்காது. முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் ஸ்விட்ச் மட்டும் எப்போதும் வேலை செய்யும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஏசி மண்டையைப் போட்டது. ஆனால் "ஏசிக் கார்க்காரர்" என்ற பேர் போகலாமா? ஊர் எல்லை வருவதற்குள் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, உள்ளே வெந்துகொண்டே வெளியே பார்த்துப் புன்னகைப்பார். த்தூ, அதுவும் ஒரு கௌரவம்!

ஒரு சித்திரை மாதம் தோட்டத்துக் கிணற்று மோட்டார் திருட்டுப் போனது. ஆனைமலை மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் தப்புச் செய்தவன் உடம்பு எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "ஊட்டுப் பொம்பளதான் அரைக்கோணும்" என்றார் பெரியப்பா. பெரியம்மா இறந்துபோயிருந்ததால், தம்பியை வயிற்றில் சுமந்து மசக்கையில் வாடிக்கொண்டிருந்த அம்மாவைக் கிளப்பினார்கள். முன்னால் பெரியப்பாவும் அப்பாவும், பின்னால் அம்மாவும் நானும். நாலு கண்ணாடியும் ஏறியிருந்தது, பூட்டுப் பொத்தானும் அமுங்கியிருந்தது.

புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டு மருமகள்களுக்கு இல்லை. அவரிடம் எதையும் பிள்ளைகள் வழியாகத்தான் சொல்ல வேண்டும். அம்மா என் காதில் சொன்னாள். நான் சொன்னேன்: "பெரியப்பா, அம்மாவுக்குக் கொமட்டுதுங்களாமா. கண்ணாடிய எறக்கோணுமாம்."

"கிணத்துக்கடவு தாண்டட்டும் கண்ணு. கடவீதியில நம்ம சனமெல்லாம் நிக்கும்."

கிணத்துக்கடவு தாண்டியது. "பொள்ளாச்சி தாண்டட்டும்" என்றார். அம்மாவின் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை கொட்டியது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் கை தன் பக்கத்து ஸ்விட்சுக்குப் போனது. பெரியப்பா "ம்ம்?" என்று ஒரு பார்வை பார்த்தார். கை மடிக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

அம்மா முந்தானையைப் பிடித்தும் தாங்காமல் சீட்டெல்லாம் வாந்தி எடுத்தாள். பெரியப்பா ஓரங்கட்டினார். "தம்பி, சீட்டு நாறிப்போச்சு. உம்பட ஊட்டுக்காரிய பஸ்ஸுல வந்து சேரச் சொல்லு." நான் அம்மாவோடு இறங்கினேன். அப்பா இறங்கவில்லை. மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடியே போனார்.

கறை படிந்த சேலையோடு அம்மா பஸ்ஸில் வந்து மிளகாய் அரைத்தாள். "மோட்டாரத் தூக்குனவன் எரிஞ்சு போகோணும்னு சொல்லச் சொல்லு கண்ணு" என்று பெரியப்பா என் வழியாக எடுத்துக்கொடுத்தார். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. பெரியப்பாவின் பேரைச் சொல்லிவிடு அம்மா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

சாலையை அகலப்படுத்தியதில் வழிநெடுக இருந்த புளியமரங்கள் போயின. கார் காயலாங்கடைக்குப் போனது. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்பா கடைசிவரை அம்மா கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, போன வருடம்தான் கண்மூடினார். போன வாரம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்குப் பெரியப்பா பேரைத்தானே சொன்னாய் என்று.

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை அவள். ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள்.

"உங்க பெரியப்பா பேர எதுக்குச் சொல்றேன்?" என்றாள் அம்மா. "உங்கப்பன் பேரத்தான் சொன்னேன்."