அம்மாவின் தண்ணிப் பையும் ஒரு ட்ரெயிலரும்

ட்ரெயிலர் ஒன்றை வாடகைக்கு எடுப்போம் என்று முதலில் சொன்னது தங்கச்சி. ஆனால் அதற்குக் காரணம் ஹொஸ்பிற்றல் சுவரில் இருக்கும் ஒரு படம். அம்மாவின் மாதாந்தச் சோதனைக்கு நாங்கள் காத்திருக்கிற அறையில் அது தொங்குகிறது. கறுத்த பாறைகள், அப்பால் தண்ணீர், தண்ணீர் முடிகிற இடத்தில் வானம். மூன்று வருடமாக அதற்குக் கீழேதான் இருந்து கொட்டாவி விட்டிருக்கிறோம். ஜனவரியில் ஒருநாள் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உது எந்தக் கடல்?" என்று கேட்டா.

"கடல் இல்லை அம்மா, ஏரி. சுப்பீரியர். எங்கட ஒன்ராறியோவிலதான் இருக்கு."

"உவ்வளவும் நல்ல தண்ணியோ?"

"ஓம். உப்பில்லை."

"அப்ப எனக்கெண்டு செய்த கடல்தான்."

சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து அம்மா இப்படித்தான் பகிடி விடுவா. அப்பா சிரித்தார். பிறகு அவரும் படத்தைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதில்லை. இரவில் படுக்கும்போது வயிற்றில் இருக்கும் சின்னக் குழாயை ஒரு மெசினோடு பொருத்துவா. மெசின் விடியும்வரை மருந்துத் தண்ணியை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, திரும்பவும் விடும். ஒன்பது மணித்தியாலம். அதனால் மூன்று வருடமாக அம்மா தன் கட்டிலைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. பிக்கரிங்கில் இருக்கிற சித்தி வீட்டுக்கு, அதாவது தன் சொந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனாலும், எட்டு மணிக்கு எழும்பிவிடுவா. கலியாண வீடுகளில் சோறு பரிமாறுவதற்கு முன் எங்கள் வான் புறப்பட்டுவிடும். "நித்திரை எண்டா என்ர கட்டில்தான்" என்று சொல்லுவா, ஏதோ அவவே விரும்பி எடுத்த முடிவுபோல.

தங்கச்சிதான் அந்தப் படத்திலிருந்து யோசித்திருக்கிறாள். "ட்ரெயிலருக்குள்ள கட்டில் இருக்கு, பாத்ரூம் இருக்கு, கரண்ட் குடுக்கலாம். மெசினையும் கொண்டு போகலாம். அம்மா வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை, வீடு அம்மாவோட வரும். சிம்பிள்!"

அவளுக்கு எல்லாமே சிம்பிள். பேப்பர் வேலை முழுக்க எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து யூனிவேர்சிற்றிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடும் அம்மா எட்டோடும் நிறுத்தியவர்கள். ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து கடிதம், கொன்ராக்ட், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் வாசிக்கிறவன் நான்தான். வாசித்துச் சொன்னால் அதுதான் முடிவு. தங்கச்சி இங்கே பிறந்தவள், அவளும் படிக்கிறாள். ஆனாலும் அந்தப் பதவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பெரிய தாள் வரைபடம் ஒன்றை வாங்கி ஹோலில் விரித்தேன். கார்ப்பெட் முழுவதையும் பிடித்துவிட்டது. சோபாவைத் தள்ளவேண்டி வந்தது. ரொறன்ரோ ஒரு மூலையில், அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையின் அளவுகூட இல்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் வந்திறங்கிய மாடிக் கட்டடம், அப்பாவின் பாக்டரி, நாங்கள் இப்போது இருக்கிற ஸ்காபரோ, சித்தியின் பிக்கரிங் எல்லாம் என் பெருவிரலுக்குள் அடங்கின. இருபது வருடத்தை ஒரு பெருவிரலுக்குள் கழித்திருக்கிறோம். அதற்கு மேலே காடும் ஏரியும், பெயர் வைத்து முடியாத ஏரிகள், எல்லாவற்றுக்கும் மேலே மேற்குப் பக்கமாக அந்தப் பெரிய நீலம். அப்பா முழங்காலில் இருந்து, பாக்டரியில் பாவிக்கிற அளவு ரேப்பால் சுப்பீரியரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அளந்தார். கணக்குப் பண்ணிச் சொன்னேன்.

"ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேலயோ?" அப்பா ரேப்பைச் சுருட்டவேயில்லை. "இலங்கையைத் தூக்கி உள்ளுக்கு வைச்சாலும் தண்ணி மிஞ்சும்போல கிடக்கு."

பிறகு ஹோலைக் கடக்கும்போதெல்லாம் எல்லாரும் ஏரியை மிதிக்காமல் எட்டிக் கால் வைத்தோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஜூலையில் ஒரேயொரு கிழமை லீவு. பாக்டரி மூடுகிற கிழமை. ஏரிக்கரைப் பூங்காவில் ட்ரெயிலர் நிறுத்த இடம் பிடிக்க ஐந்து மாதத்துக்கு முன்னம் காலை ஏழு மணிக்கு இணையத்தில் திறப்பார்கள். ஏழு ஐந்துக்குள் கரண்ட் உள்ள இடங்கள் முடிந்துவிடும் என்று போய்வந்த எல்லாரும் எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தேன். ஆறே முக்காலுக்கு மேசையில் கொம்பியூட்டர், பக்கத்தில் போன், கிரெடிட் கார்ட். பெப்ரவரி, வெளியே இருட்டு, ஜன்னலில் பனி.

அம்மா தேத்தண்ணியோடு வந்து, சுவரில் தமிழ்க்கடை தந்த கலண்டரைப் பார்த்தா.

"தம்பி, இண்டைக்கு வியாழக்கிழமை."

"ஓம்."

"ஆறிலயிருந்து ஏழரை மட்டும் எமகண்டம்."

"அம்மா, ஏழுக்கு அடிக்காட்டி இடம் போயிடும்."

"எமகண்டத்திலயோடா என்னைக் கொண்டு போறதுக்கு இடம் பிடிக்கப்போறாய்?"

தங்கச்சி போர்வையோடு வந்து நின்று, "அண்ணா, சீரியஸ்லி? ஜஸ்ற் கிளிக்!" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வருடமாக அந்த மெசினின் சத்தத்தைச் சுவருக்கு அப்பால் கேட்டபடி படுக்கிறவனுக்கு, அந்த நேரத்தின் பெயரில் யார் இருக்கிறார் என்பது பகிடியாகத் தெரிவதில்லை. ஏழு மணி ஆனது. என் விரல் அசையவில்லை. அம்மா எதிரே கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஏழு முப்பத்தொன்றுக்கு, "இப்ப செய்" என்றா.

திரையில் எல்லா இடமும் போய்ச் சாம்பல் நிறம். ஒரேயொரு பச்சைப் புள்ளி. தொட்டதும் படம் வந்தது: பாறை, தண்ணீர், அவ்வளவுதான். ஹொஸ்பிற்றல் சுவரில் இருந்த அதே மாதிரி. அதுவும் போய்விடும் என்ற பயத்தில் அடித்துவிட்டேன். நாலு இரவு. அப்பா என் முதுகில் தட்டினார். அம்மா கலண்டரைப் பார்த்துத் தலையாட்டினா. தங்கச்சிதான் வந்த மின்னஞ்சலை வாசித்தாள், எனக்குப் பதிலாக.

"அண்ணா. நோ எலக்ரிக்கல்."

அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வாசிக்கிறவன் வாசிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கினா. "சரி, நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ. படம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றா. அப்பா எழும்பி ஜன்னலடிக்குப் போனார்.

அடுத்த சில கிழமைகள் நான் தேடாத வழி இல்லை. இரவில் ஜெனரேட்டர் ஓடவிடக் கூடாது என்பது பூங்காவின் விதி. பெரிய பற்றறி மெசினுக்கு ஒன்பது மணித்தியாலம் தாங்குமா என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. கரண்ட் உள்ள இடம் ஒன்று இருந்தது, ஏரியிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தள்ளி, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். "லொறி பார்த்துக்கொண்டு படுக்கவோ நான் அவ்வளவு தூரம் வாறது? அதுக்கு எங்கட ஃபோர்-ஓ-வன் ரோட்டே காணும்" என்றா அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் வந்தபோது கதையைச் சொன்னோம். சித்தப்பா கலண்டரைக் கையில் எடுத்துப் புரட்டினார். பக்தியான மனிதர், கோயில் சபையில் எல்லாம் இருந்தவர்.

"அக்கா, இது ஊரில ஆறு மணிக்குச் சூரியன் எழும்பிறதை வைச்சு அடிச்ச நேரம். இஞ்ச பெப்ரவரியில ஏழு மணிக்குச் சூரியனே எழும்பேல்லை. எழும்பாத சூரியனுக்கு என்ன எமகண்டம்?"

அம்மா கலண்டரை அவர் கையிலிருந்து வாங்கி உற்றுப் பார்த்தா.

"உதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!" என்றா அம்மா.

"அண்டைக்கு என்னை ஆர் கேட்டது?"

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு அம்மா. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் மாதச் சோதனையில் நேர்ஸிடம் மன்னிப்புக் கேட்பதுபோல எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவ என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டா: "கையால் செய்தீர்களே முதல் நாலு மாதம், மறந்துவிட்டீர்களா?" நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் அம்மா, "நோ. ஐ ரிமெம்பர்" என்றா.

மெசின் வருவதற்கு முன் அம்மா அதைக் கையால் செய்திருக்கிறா. ஒரு நாளைக்கு நாலு தரம். பையை உயரத்தில் தொங்கவிட்டால் தண்ணி தானாக வயிற்றுக்குள் இறங்கும். வெறும்பையை நிலத்தில் வைத்தால் தானாக வடியும். கரண்ட் வேண்டாம். நான் அந்த நாலு மாதமும் அதே வீட்டில்தான் இருந்தேன். கிருமி போகக் கூடாதென்று அம்மா அறைக் கதவைச் சாத்திவிடுவா. நான் கதவுக்கு வெளியே நின்று, அறிவுறுத்தல் புத்தகத்தை மொழிபெயர்த்து, எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே நடப்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"அப்ப ஏன் அம்மா சொல்லேல்லை?"

"செய்யேலுமோ எண்டு பயமாக் கிடந்தது. ட்ரெயிலருக்குள்ள, ஆடுற இடத்தில. கை நடுங்கினா?"

நேர்ஸ் சொன்னா: பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னமே கைமுறைக்கு மாறுங்கோ. அந்த ட்ரெயிலருக்குள்ளேயே ஒருக்கால் செய்து பாருங்கோ. மனம் ஒப்பினால் போங்கோ, இல்லையென்றால் வேண்டாம். பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர, ட்ரெயிலரை இழுக்கப்போகிற சித்தப்பாவின் பிக்கப் வண்டியில், சூடாகிற முன்சீற்றில் வைக்கலாமா என்று அப்பா என்மூலம் கேட்டபோது அவ கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சூடு பார்த்துத்தான் பாவிக்கவேணும் என்றா. "பாருங்கோ, என்ர தண்ணிக்கு முன்சீற், எனக்குப் பின்சீற்" என்றா அம்மா, எங்கள் வானில் வீடு திரும்பும்போது.

ஜூலையில், புறப்படுவதற்கு மூன்று நாளுக்கு முன் ட்ரெயிலர் வந்தது. எங்கள் அப்பார்ட்மென்ரில் நிறுத்த இடமில்லை. சித்தப்பாவின் வீட்டு வாசலில், அவருடைய பிக்கப்புக்குப் பின்னால் நின்றது. இருபத்திரண்டு அடி. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவருக்குள் மடிந்திருக்கிற கட்டில், கைக்கடக்கமான அடுப்பு, அலுமாரிக்குள் ஒரு ஷவர். அவர் ஒவ்வொரு கதவையும் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். "மனிசர் எப்பிடியடா உதுகளை யோசிக்கினம்" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. உள்ளே ஏறி, மேலே பார்த்தா. "எங்க கொழுவுறது?"

அலுமாரியின் மேல்விளிம்பில் அப்பா ஒரு கொளுக்கியைப் போட்டு இழுத்துக் காட்டினார். அவரே தொங்கியும் காட்டப் பார்த்தார், சித்தப்பா தடுத்தார். பிறகு எல்லாரும் இறங்கினார்கள். "நீ நில்" என்றா அம்மா என்னிடம். "கொளுக்கி எனக்கு எட்டாது."

ஜன்னல்களைச் சாத்தினேன். இரண்டு பேரும் மாஸ்க் போட்டோம். கை கழுவினோம், அம்மா விரல் விரலாக, நான் அவவைப் பார்த்து. மேசையைத் துடைத்தா. முன்சீற்றிலிருந்து வந்த பையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா, கலங்கல் இருக்கிறதா என்று. நான் கொளுக்கியில் மாட்டினேன். குழாயின் மூடியைக் கழற்றிப் பொருத்துகிற அந்த இரண்டு விநாடியில் அம்மா மூச்சை அடக்கினா. நானும் அடக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்ற கைகள். ஒரு துளி நடுக்கமில்லை.

நிலத்தில் இருந்த வெறும்பை மெல்ல நிரம்பத் தொடங்கியது. இளமஞ்சள் நிறம், தெளிந்த தண்ணி. ஒரு சத்தமும் இல்லை. மெசின் இல்லை, வயர் இல்லை. பூமி இழுக்கிறது, அது வருகிறது. நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்: ஒரு இரவுக்குப் பன்னிரண்டு லீற்றர், மூன்று வருடம். பதின்மூவாயிரம் லீற்றர் இந்தச் சின்ன உடம்புக்குள் போய்த் திரும்பியிருக்கிறது, பக்கத்து அறையில், நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இரவுகளில். வரைபடத்தில் அந்த நீலத்தைப் பார்த்தபோது வந்த அதே திகைப்பு. அப்போதும் குனிந்துதான் பார்த்தேன், இப்போதும்.

"என்ன பார்க்கிறாய்? தண்ணிதானே."

"ஒண்டுமில்லை அம்மா."

"பத்து நிமிசத்தில மேல்பையைத் திறந்துவிடு. பராக்குப் பார்க்காதை."

முடிந்ததும் மூடியைப் போட்டா. நிறைந்த பையை நான் சித்தி வீட்டுத் தராசில் நிறுத்து, அளவை எழுதி, கழிவறையில் ஊற்றி, கை கழுவி வந்தேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். வாசலில் அப்பா, தங்கச்சி, சித்தி, சித்தப்பா எல்லாரும் ட்ரெயிலரைப் பார்த்தபடி நின்றார்கள். அம்மாவின் தீர்ப்பைக் கேட்க.

கதவை மெல்லத் திறந்தேன். பின்பக்கக் கட்டிலில், விரிப்புக்கூடப் போடாத மெத்தையில், அம்மா இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தா. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தா. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நல்ல நித்திரை.

பின்னால் வந்த சித்தி, "அக்கா, தேத்தண்ணி..." என்று தொடங்க, அப்பா அவவின் கையைப் பிடித்து நிறுத்தினார். எட்டி உள்ளே பார்த்தார். பிறகு கதவைத் தன் கையாலேயே, சத்தம் வராமல், சாத்தினார்.

"எழுப்பிறதோ?" என்று தங்கச்சி கிசுகிசுத்தாள். "எவ்வளவு நேரம் விடுறது?"

"விடு," என்றார் அப்பா. "அவ எழும்பட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெசினை இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினோம். மனிதர் பயந்து, அதை ஸ்ரார்ட் பண்ணாமலே திரும்பிப் போனார்.