முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

ஆர்லிஸ் ஹோக்னெஸ் என்று பெயரை எடுத்தாலே, எங்கள் விமான நிலைய டவரில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள்கூட "ஓ, அந்தப் பனிவண்டிக் கேஸா?" என்று கேட்பார்கள். இருபத்து நான்கு வருடம் அந்தக் கண்ணாடிக் கூண்டில் நின்று விமானங்களை ஏற்றியும் இறக்கியும் விட்டவளுக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நான் வாயைத் திறந்ததில்லை. என்னைக் கோழை என்று நீங்கள் திட்டினால் மறுக்கப் போவதில்லை.

ஹால்ஸ்டெட் சின்ன ஊர்தான். ஆனால் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி ஒன்று இங்கே இருப்பதால் வானம் எப்போதும் சந்தைக்கடையாகவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் ஒரே சமயத்தில் வட்டமடிப்பார்கள். நடுவில் பயணிகள் விமானம் வரும், பார்சல் விமானம் வரும், அவசரமாக ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் கிளம்பும். இத்தனையையும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ள மேலே மூன்று பேர் நிற்போம்.

ஆர்லிஸ் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். பதினாறு வயதிலேயே அறுவடை லாரி ஓட்டியவள். டவரில் டைப் அடிக்கத்தான் வந்தாள். மேலே ஆண்கள் செய்வதை ஒரு வருடம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று பரீட்சை எழுதி மேலே ஏறிவிட்டாள். பெண்களுக்கான கழிவறை அப்போது மூன்று மாடி கீழே இருந்தது. ஓடிப் போய் ஓடி வருவாளாம். ஒரு நாளும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை.

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. ஒரு தடவை தனியாகப் பறந்த மாணவன் ஒருவன், பக்கக் காற்றில் இரண்டு முறை இறங்க முடியாமல் போய், ரேடியோவிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். ஆர்லிஸ் அவனிடம், "சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள். மக்ரோனி என்றான். "சீஸ் நிறையப் போடு. இப்ப மூக்கைக் கொஞ்சம் கீழ இறக்கு. ம், அப்படியே வா." அவன் இறங்கிவிட்டான். வட்டாரத் தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி, ரேடியோவில் சமையல் பேசக்கூடாது என்று கடிதம் அனுப்பினார். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து இன்னொருவர் பொறுப்பேற்கும்போது, எழுகிறவர் ஒரு பட்டியலை வாய்விட்டு வாசிக்க வேண்டும். காற்று எப்படி, எந்த ஓடுபாதை, யார் எங்கே இருக்கிறார்கள் எல்லாம் அதில் வரும், டேப்பிலும் பதிவாகும். அதோடு முடியாது. எழுந்தவர் தன் ஹெட்செட்டைக் கழற்றாமல், அதன் பிளக்கைப் பக்கத்து ஓட்டையில் செருகிக்கொண்டு, புதிதாக உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். சொல்ல மறந்தது ஏதாவது இருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் ஞாபகம் வந்துவிடும் என்பது எங்கள் துறை பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

மற்றவர்கள் ஒப்புக்கு நிற்பார்கள். ஆர்லிஸ் நிஜமாகவே நிற்பாள், சில நாள் ஐந்து நிமிடம்கூட. அவள் மூச்சு பிடரியில் படும். அதனால் டவரில் ஒரு விளையாட்டு கிளம்பியது: அவளுடைய பிளக்கைப் பிடுங்கிவிடுவது. பிடுங்கினால், "போதும் தாயே, போய்த் தொலை" என்று அர்த்தம். அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி செருகிவிட்டு நிற்பாள். இந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நான்.

என் பெயர் லைல். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, டவருக்கு வந்து மூன்று வருடம். கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அது பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓடுபாதையின் கிழக்கு முனை டவரிலிருந்து தெரியவே இல்லை. மாணவர்கள் யாரும் பறக்கவில்லை. பனி தள்ளும் வண்டிகள் மூன்று ஓடுபாதையில் வேலை செய்துகொண்டிருந்தன. ஓடுபாதையில் வண்டி இருந்தால், மேலே பொறுப்பில் இருக்கும் கண்ட்ரோலர் தன் கண்ணெதிரே மேஜையில் ஒரு சிவப்புப் பட்டையை வைக்க வேண்டும். அது அங்கே இருக்கும்வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கிடையாது. மூன்று வண்டிகளும் வெளியே வந்துவிட்டதாகச் சொல்லவும் ஆர்லிஸ் பட்டையை எடுத்துவிட்டாள்.

உடனே வண்டி ஓட்டுகிறவர்களில் ஒருவன், டெல்மர் பெர்குவிஸ்ட், மறுபடி கூப்பிட்டான். கிழக்கு முனையில் ஒரு விளக்கு பனியில் புதைந்திருக்கிறது, இரண்டு நிமிடம் போய்த் தோண்டிவிட்டு வருகிறேன் என்றான். ஆர்லிஸ் போகச் சொன்னாள். பட்டைக்கு அவள் கை நீண்ட நேரத்தில் ரேடார் அறையிலிருந்து போன் வந்தது, பார்சல் விமானம் ஒன்று வருகிறது என்று. நீண்ட கை போனை எடுத்தது. அவள் போனை வைக்கும்போது அவளிடமிருந்து பொறுப்பேற்க நான் பக்கத்தில் வந்து நின்றிருந்தேன்.

அவள் பட்டியலை வாசித்தாள். "ஓடுபாதை காலி, வண்டிங்க எல்லாம் வெளிய" என்று தன் வாயால் சொன்னாள். அது டேப்பில் இருக்கிறது. அது அவள் தப்புதான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

நான் உட்கார்ந்தேன். அவள் பின்னால் நின்றாள். எனக்கு அன்றைக்கு ஏனோ எரிச்சல், தூக்கம் சரியில்லை. திரும்பாமலே கையை நீட்டி அவளுடைய பிளக்கைப் பிடுங்கினேன். அவள் மறுபடி செருகினாள். இரண்டாம் தடவையும் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தேன். மைக்கை மூடிக்கொண்டு, "மாமியார் மாதிரி நிக்காதீங்க ஆர்லிஸ். போய்க் காபி குடிங்க" என்றேன். மூன்றாவது ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ரொம்பத்தான் துள்ளுற" என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் படியிறங்கினாள்.

நான் பார்சல் விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கீழேயிருந்து இரும்புப் படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஆர்லிஸ் பாதி ஏறும்போதே, "டெல்மர் உள்ள இருக்கான், லைல், டெல்மர் உள்ள இருக்கான்" என்றாள். மேலே தூக்கச் சொல்லி விமானத்தைக் கூப்பிட்டேன். அதன் சக்கரங்கள் ஏற்கெனவே தரையில் ஓடிக்கொண்டிருந்தன. டெல்மர் வண்டியைவிட்டு இறங்கி மண்வாரியோடு விளக்குக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான், ரேடியோவில் நடந்தது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. விமானம் வண்டியை இடித்தது, வண்டி அவன்மேல் புரண்டது. விமானிக்குக் கால் உடைந்தது. டெல்மர் அங்கேயே போய்விட்டான். அவனுக்கு நாற்பத்தொரு வயது, மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

பின்னால் நின்றிருந்தால் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். வந்துவிட்டதே, மூன்று மாடி கீழே காபி ஊற்றும்போது வந்துவிட்டதே. மேலே நின்றிருந்தால் ஒரே ஒரு வார்த்தை போதும், விமானம் தூக்கிக்கொண்டு போயிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். அவள் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விசாரணையில பிளக் விஷயத்தை நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்றதுன்னா சொல்லு. அதை நீயாத்தான் சொல்லணும். நான் போட்டுக் கொடுக்க மாட்டேன்."

"உங்ககிட்ட கேப்பாங்களே, ஏன் கீழ போனீங்கன்னு."

"காபி குடிக்கப் போனேன்னு சொல்லுவேன். குடிக்கத்தானே போனேன்." கொஞ்ச நேரம் சுரண்டினாள். "என் தப்பு என்னோடது லைல். அதுல உன்னோடதைக் கலக்க முடியாது. உன்னோடதை நீ பாத்துக்க."

மறுநாள் விசாரணை அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டேப்பைப் போட்டார்கள். இரண்டு நிமிடம் நிற்காமல் அவள் ஏன் போனாள் என்று என்னைக் கேட்டார்கள். வீட்டில் என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. "கவனிக்கல சார், நான் விமானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் சொன்னேன். அறிக்கையில் அவள் பெயர் மட்டும் வந்தது: பட்டை வைக்கவில்லை, தவறாகச் சொன்னாள், விதியை மீறி இடத்தைவிட்டு நகர்ந்தாள். அந்த மூன்றாவது குற்றச்சாட்டு பொய். அதை எழுதவைத்தவன் நான்.

அவள் லைசென்ஸ் போயிற்று. அறுவடைக் காலங்களில் பீட் லாரிகளை எடைபோடும் தகரக் கொட்டகையில் வேலைக்குப் போனாள். எந்த நிமிடத்திலும் யாரையும் சாகடிக்க முடியாத வேலை என்று ஒருத்தரிடம் சொன்னாளாம். நான் இரண்டு தடவை அந்தக் கொட்டகைவரை காரை ஓட்டிப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வாசலோடு திரும்பிவிட்டேன். பிள்ளை பிறந்தது, பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பதவி உயர்வு வந்தது, அதற்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது டவரில் நான் மேற்பார்வையாளன். புதியவர்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான்தான். நன்றாக நடத்துகிறேன் என்று வேறு சொல்கிறார்கள்.

ஒன்பது வருடம் இப்படியே போனது. போன நவம்பரில் ஆர்லிஸ் கணையப் புற்றுநோயில் இறந்தாள். லூத்தரன் சர்ச்சில் அடக்கப் பிரார்த்தனை நடந்தது. டவரிலிருந்து நான் ஒருவன்தான் போயிருந்தேன். முடிந்ததும் எல்லாரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகக் காபி ஊற்றியவள் ஜோலீன், டெல்மரின் மனைவி. ஆர்லிஸின் அடக்கத்தில் இவள் பரிமாறுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் மேஜைக்கு வந்தாள். இனியும் சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

"ஜோலீன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஆர்லிஸ் தானா கீழ போகல. நான்தான் அவங்களை..."

"தெரியும்" என்றாள். "டெல்மரைப் புதைச்ச வாரமே எங்க சமையலறையில உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. முதல்ல அவ தப்பு, அப்புறம் உங்களோடது."

"அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்றதுக்குத்தான் போனைக் கையில எடுத்தேன். அவ விடல. 'அந்தப் பையன் மோசமானவன் இல்ல, தானா வந்து சொல்லுவான், கொஞ்சம் டைம் குடு'ன்னா. வசந்த காலம் வரைக்கும் பொறுக்கறேன்னு சொன்னேன். அப்படியே போயிடுச்சு. ஒவ்வொரு பிப்ரவரியும் எனக்குப் போன் பண்ணுவா. கடைசியில கேப்பா, லைல் வந்தானான்னு. போன மாசம் ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டு அதையே கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஜோலீன் என் கப்பை நிரப்பினாள்.

"வந்தான், எல்லாத்தையும் சொல்லிட்டான்னு சொன்னேன். 'எனக்கு அப்பவே தெரியும்'னு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க" என்றாள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய், அங்கே யாருக்குக் காபி வேண்டும் என்று கேட்டாள்.