கொப்பரை இறங்கும்வரை

எல்லம்மாளுக்கு உப்பு பார்க்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமைப்பவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அடி அண்ணாமலையில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்று, பெண்டாட்டியும் போன பிறகு, மத்தியானச் சோற்றுக்கு வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரியாதா?

அடுப்பில் இருப்பதை எடுத்து வாயில் வைத்தால் எச்சில் என்பது அவள் மாமியார் போட்ட சட்டம். புதுப்பெண்ணாக வந்தபோது ஒரு நாள் ரசத்தை நக்கிப் பார்த்ததற்குக் கரண்டியாலேயே மணிக்கட்டில் வாங்கியிருக்கிறாள். அன்றோடு சரி. குழம்பு கொதித்ததும் கரண்டியோடு வெளியே வருவாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் தருமன் வலது கையை நீட்டுவான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவாள். அவன் நக்கிவிட்டு, தீர்ப்பு சொல்லப்போகும் ஜட்ஜ் மாதிரி மலையைப் பார்ப்பான். “சரியா இருக்குது” என்பான், இல்லாவிட்டால் “ஒரு கல்லு கம்மி” என்பான். ஒரு கல் உப்பு விழும். முப்பத்து மூன்று வருஷம் அந்த வீட்டில் இப்படித்தான் சமையல் நடந்தது. விடுதியில் இந்த வேலையை முதலாளி பிரகாஷ் செய்தான்.

விடுதியில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்த நாலாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். எல்லம்மாள் வாசலில் நின்று பிரகாஷை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வாள்: “சின்ன வயசுல காய்ச்சல் வந்தா வீட்ல இன்னா குடுப்பாங்கன்னு கேளு தம்பி.” அதைத்தான் செய்து கொடுப்பாள். போலந்துக்காரக் கிழவி ஒருத்திக்கு உருளைக்கிழங்கை வெண்ணெய் விட்டு மசித்து, மேலே பொரித்த வெங்காயம். ஜப்பான் பையன் ஒருவனுக்குக் குழைந்த கஞ்சி, அதற்கு மேல் காரத்தைக் கழுவிய எலுமிச்சை ஊறுகாய். கல்கத்தா டீச்சரம்மாவுக்குப் பாசிப்பருப்பு போட்ட கிச்சடி. போலந்துக் கிழவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். “நம்ம ஊரு உருளக்கெழங்குதான், அதுக்குப் போய் அழுவுறாங்க அண்ணா” என்று என்னிடம் வந்து சொன்னாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

தருமனுக்கு அப்படிக் கேட்கவே வேண்டாம். அவனுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கேவுரு களியும். மொச்சைக்கொட்டையும் பிஞ்சுக் கத்தரிக்காயும் போட்டு, புளி தூக்கலாகக் கரைத்து, இறக்கும்போது பச்சை நல்லெண்ணெய் ஒரு சுற்று. சென்ட்ரிங் வேலைக்குப் போய் இடுப்பொடிந்து வந்தாலும், மகள் மதிவதனி கல்யாணமாகி சென்னைக்குப் போன அன்றும், எதற்கும் அதுதான் மருந்து. களி உருண்டையைக் குழம்பில் புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்குவான். பார்க்கிற எனக்குத் தொண்டை ஏறி இறங்கும்.

களி இறங்கிய தருமனின் அந்தத் தொண்டையில்தான் வந்தது. போன வருஷம் தையில் குரல் கரகரத்தது. மாசியில் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னதென்று சொன்னார்கள். பங்குனி முழுக்கப் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். திரும்பி வந்தவனுக்குக் கழுத்துத் தோல் கருகியிருந்தது, வாயில் எச்சில் ஊறவில்லை, நாக்கில் ருசி என்பதே இல்லை. ருசி சில பேருக்கு ஆறு மாசத்தில் வரும், சில பேருக்கு வராமலும் போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தருமன் அதில் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினான்.

எல்லம்மாள் அவனுக்கு வைக்காதது ஒன்று பாக்கியில்லை. பச்சைப்பயறு கடைந்தாள். வேர்க்கடலையை வறுத்துப் பாலெடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். முருங்கைக்கீரைச் சாறு, பூண்டு ரசம், மோர்க்குழம்பு, எல்லாம் மிக்ஸியில் ஓடி ஒரே கூழாக அவன் முன்னால் வந்தன. கருவாட்டுக் குழம்பும் இரண்டு தடவை வந்தது. “சுண்ணாம்பு கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்குது எல்லு” என்று தள்ளிவிட்டான். நாக்கு திரும்புகிற வரைக்கும் அதை வைக்காதே, அதையாவது கெடுக்காமல் விடு என்றான். எழுபது கிலோ ஆள் நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டான்.

ஆனால் கரண்டி மட்டும் வெளியே வருவது நிற்கவில்லை. தினமும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு. தினமும் அவன் நக்கிவிட்டு மலையைப் பார்த்து, “சரியா இருக்குது” என்றான். உப்பே போடாத குழம்புக்கும் சரி, உப்புக்கடலாக இருந்த சாம்பாருக்கும் சரி, அதே தீர்ப்புதான். அவனுக்குத் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரியும். நானும் கிண்ணத்தில் வந்ததை மூச்சு விடாமல் தின்றேன்.

கார்த்திகை தீபம் வந்தது. மலை உச்சிக் கொப்பரையில் ஏற்றிய தீபம் பதினோரு நாள் எரியும். கொப்பரையை மலையிலிருந்து இறக்கும் வரைக்கும் எங்கள் தெருவில் கவிச்சி கிடையாது. முட்டை ஓடுகூடக் குப்பையில் கிடக்காது. யார் எழுதி வைத்த சட்டமும் இல்லை. வாசலில் வந்து நின்றால் விளக்கு தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே கவிச்சி தின்னக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் வேலிக்கு மேல் ஒரு கரண்டி நீண்டது. எல்லம்மாள்தான்.

“அண்ணா, கைய நீட்டுங்க. இதுல உப்பு எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க.”

“தருமன் இன்னா சொன்னான்?”

“அத அப்பறம் சொல்றேன். நீங்க சொல்லுங்க மொதல்ல.”

காராமணிக் குழம்பு. நக்கிப் பார்த்தேன். “ஒரு கல்லு கம்மிதான்” என்றேன்.

அவ்வளவுதான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவனும் அதையேதான் சொல்லியிருக்கிறான். எட்டு மாசம் கழித்து நாக்கு திரும்பியிருக்கிறது. நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். தருமன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“ராமலிங்கண்ணா, பூண்டு வாசனகூடத் தெரியுது. நாளைக்கே நெத்திலிக் கொழம்பு வைக்கச் சொல்லு இவள. களி நான் முழுங்கிக்குவேன்.”

எல்லம்மாள் மலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இன்னா அண்ணா பண்றது? வெளக்கு எரியுதே?”

என்னைத்தான் கேட்டாள். நான் “வையம்மா, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உலை வைத்திருப்பாள். நான் பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எட்டு மாசம் பொறுத்தாச்சு. இன்னும் எட்டு நாளுதான? கொப்பர எறங்கட்டும். நாக்கத் திருப்பிக் குடுத்தவரு மேல வெளக்கா நிக்கும்போது அவரு முன்னாடியே கவிச்சி வேணாம்” என்றேன்.

தருமனின் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவனும் தலையாட்டினான். “அதுவும் சரிதான்” என்றான்.

அன்று சாயங்காலமே நான் டவுனுக்குப் போய் நல்ல நெத்திலியாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். கவிச்சி வீட்டுக்குள் வரக் கூடாதே, அதனால் பையில் கட்டிப் பின்வேலி வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். பூனை ஒன்று அதற்கு அடியிலேயே குடியிருந்தது. தருமன் கட்டிலைப் பின்பக்கம் போடச் சொன்னான். காற்று திரும்பும்போதெல்லாம், “அடிக்குது பாரு” என்று மூக்கை உறிஞ்சினான். அந்த வாரம் அவன் குழந்தைதான். “இன்னும் அஞ்சு நாளு” என்று விரலைக் காட்டுவான். எல்லம்மாள் கேவுரை அரைத்து வைத்தாள், மொச்சையை வாங்கி வைத்தாள். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடியதைக் கேட்டேன். அந்தக் குரல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஏழாம் நாள் நான் ஒரு காதுகுத்துக்கு வேலூர் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் தின்றேன். இரட்டை ஆம்லெட், மிளகுத்தூள் ஜாஸ்தியாகப் போட்டு. விளக்கு தெரியாத ஊரில் தின்றால் குற்றமில்லை என்பதும் எங்கள் தெரு வழக்கம்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறித் தூங்கிவிட்டேன். தருமனையும் ஒரு ஆட்டோவில் போட்டு, குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மலை மறைகிற தூரத்துக்குப் போயிருக்கலாம். ஒரு புளியமரத்தடி போதும். அந்த யோசனை எனக்கு வரவில்லை. அது வந்தபோது எந்தப் பிரயோஜனமும் இல்லை. இந்த ஆம்லெட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது தருமனுக்குப் புரையேறியது. இருமல் நிற்கவேயில்லை. மத்தியானம் காய்ச்சல் ஏறி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வளர்ந்திருக்கிறது, வழி அடைத்துக்கொண்டது, வாயில் போடுவதெல்லாம் நுரையீரலுக்குப் போகிறது என்றார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். இனிமேல் ஒரு சொட்டுகூட வாய் வழியாக வேண்டாம், வைத்தியமும் இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினார்கள். எல்லம்மாள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம். போன வாரம் கேட்டதைக் கொடுத்திருந்தால் இறங்கியிருக்குமா என்று. கூழாக்கிக் கொடுத்திருந்தால் இறங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது கொப்பரை இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் கருவாட்டு வாசனை வந்தது. பைத்தியமா இவளுக்கு, தின்ன முடியாதவன் மூக்குக்கு எதிரே இதை ஏன் வைக்கிறாள் என்று கோபத்தோடு போனேன். அவன்தான் வைக்கச் சொல்லியிருக்கிறான். பேச்சு வரவில்லை, வேப்பமரத்துப் பையைக் கையால் காட்டியிருக்கிறான்.

குழம்பு கொதித்ததும் எல்லம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். தருமன் வலது கையை நீட்டினான். எலும்புதான் இருந்தது அந்தக் கையில். இரண்டு சொட்டு விட்டாள். அவன் வாய்க்குக் கொண்டுபோனபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. ஒரு சொட்டுகூட வேணாம்னு சொல்லியிருக்காங்க.”

அவன் இழுக்கவில்லை. உள்ளங்கையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு மலையைப் பார்த்தான். மேலே விளக்கு இல்லை. சரியாக இருக்கிறது என்று தலையை அசைத்தான்.

எல்லம்மாள் கரண்டியைத் தரையில் வைத்தாள். குனிந்து, அவன் உள்ளங்கையிலிருந்த குழம்பைத் தன் நாக்கால் நக்கினாள். அந்த ரசத்துக்குப் பிறகு, முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் உப்பு பார்த்தது அன்றுதான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லீங்க. உப்பு ஜாஸ்தி. கருவாட்ட நான் சரியா கழுவல.”

தருமன் அந்தக் கையை மூடிக்கொண்டான். கழுவிவிட அவள் தண்ணீர் கொண்டுவந்தபோதும் திறக்கவில்லை. மார்கழி பிறந்து ஆறாம் நாள் போய்விட்டான்.

எல்லம்மாள் இப்போதும் விடுதிக்குப் போகிறாள். யாராவது படுத்துக்கொண்டால் பிரகாஷே போய் அந்தக் கேள்வியைக் கேட்டு வந்து சொல்கிறானாம், அவள் கேட்கச் சொல்வதில்லை.

இந்த வருஷமும் தீபம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில், மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்க, அவள் வீட்டிலிருந்து நெத்திலி வாசனை தெரு முழுக்க அடித்தது. கதவும் ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. தெருவில் யாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. நான் கிண்ணத்தோடு வேலி ஓரத்தில் நின்றேன். எல்லம்மாள் கரண்டியோடு வெளியே வந்து, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.