மதினி போட்ட நாற்காலி

இராஜபாளையத்தில் எங்கள் அம்மா வீட்டு உள்ளறைக் கதவோரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. ஒரு கை உடைந்து, கட்டுக்கம்பியால் கட்டியிருக்கும். பழைய சாமான்காரரிடம் போட்டுவிட அம்மா பலமுறை பார்த்தாள், நான் விடவில்லை. நான் பிள்ளை பெற்றுக் கிடந்த நாட்களில், என் அண்ணன் மனைவி, என் மதினி, மத்தியானம் தோறும் அதில் உட்கார்ந்துதான் எனக்குக் காவல் இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன். மகள் பிறந்தாள். வீடே கொண்டாடியது. எனக்கோ அவள் அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது போல இருந்தது. பால் கட்டி நெஞ்சு கனக்கும், ரவிக்கை நனையும், ஆனால் அவளைப் பார்த்து எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, நானெல்லாம் ஒரு தாயா என்று சுவரைப் பார்த்துக் கிடப்பேன். ஆஸ்பத்திரியில் பிரசவத் தையலைக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா ‘தூக்கம் வருதா’ என்று கேட்டதற்கே உடைந்து அழுதுவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருகிற மனச்சோர்வு இது, சரியாகிவிடும் என்றார். மாத்திரை கொடுத்து, ஓர் ஆன்லைன் வகுப்பிலும் சேர்த்துவிட்டார்.

வகுப்பு என்றால், மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சும்மா கவனிக்க வேண்டும். மனசில் வருவதை விரட்டவும் கூடாது, நல்லது கெட்டது சொல்லவும் கூடாது. மூச்சு விடுவதற்கா ஒரு வகுப்பு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒருத்தி குளியலறையில் ஒளிந்திருந்தாள், ஒருத்தி நிறுத்திய காருக்குள், ஒருத்தி கொசுவலைக்குள். எல்லாருக்கும் என் முகமே இருந்தது.

எங்கள் வீட்டில் ஒளிய இடமில்லை. பச்சை உடம்புக்காரி செல்போன் பார்த்தால் கண் போய்விடும், காது திறந்திருந்தால் காற்று ஏறிவிடும் என்பது அம்மாவின் சட்டம். இரண்டு காதிலும் பஞ்சு, தலையைச் சுற்றித் துண்டு. இயர்போன் மாட்ட வழியே இல்லை. போதாததற்குச் சீனியும் சோப்பு டப்பாவுமாகப் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வேறு. மதினிதான் வழி கண்டுபிடித்தார். போனை ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும் ஒரே பதில்.

“செத்த நேரம் உக்காருங்க. அவ குளிக்கா.”

மம்சாபுரத்துச் சித்தி ஒருநாள் பொறுக்காமல், “நானும் வாரப்பல்லாம் குளிக்காளே, இந்தப் பிள்ள எம்புட்டு நேரந்தான் குளிக்கும்? சளி புடிச்சிராதா?” என்று சத்தம் போட்டார். உள்ளே நான் சிரித்துவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்ததும் மதினி பிள்ளையை என் மடியில் கொண்டுவந்து வைப்பார். ‘நீ தூங்கு தாயி, நான் வச்சுக்கிடுதேன்’ என்று அம்மா பாசமாகத்தான் கை நீட்டுவாள். மதினி கொடுக்க மாட்டார். “ஏட்டி, அழுகை வந்தா மடியில வச்சுக்கிட்டே அழு. கைய மட்டும் விட்டுராத” என்பார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் வகுப்பு சீக்கிரம் முடிந்து கதவைத் திறந்தேன். மதினி நாற்காலியில் கண்களை மூடி, நெஞ்சில் கை வைத்து, உள்ளே சொல்லித்தந்தபடியே மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. அன்றைக்குத்தான் சொன்னார். மகன் பிறந்தபோது அவருக்கும் இதுவேதான். அண்ணன் ராணுவத்தில், எல்லையில். நான் கல்லூரி விடுதியில். மதினிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். வீட்டில் ஏதோ பிடித்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

“அத்த நல்ல மனசோடதான் பிள்ளைய வாங்கிக்கிட்டாங்க. நான் தேறி எந்திரிச்ச பொறவு, திருப்பிக் கேக்க எனக்குத் தெரியல” என்றார் மதினி.

அவர் மகன் என் அம்மாவை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறான். பெற்றவளை, நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ‘மதினி’ என்கிறான். அதை விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்போம். மதினியும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

நான் தேறிவிட்டேன். என் மகள் இப்போது நாள் முழுக்க ‘அம்மா, அம்மா’ என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு அலைகிறாள். நாங்கள் அம்மா வீட்டுக்கு வரும் நாட்களில், அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மதினி எதையாவது எடுக்கப் போவது போல எழுந்து போய்விடுவார். பார்க்கப் பொறுக்காமல்தான், மதினியையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று வகுப்பு நடத்தும் மேடத்திடம் கேட்டேன். அவங்களும் வரட்டும் என்றார்.

போன மாதம் ஒரு மத்தியானம். மதினி உள்ளே, நான் நாற்காலியில். அரை நாள் பள்ளி விட்டு மதினியின் மகன் பையோடு வந்து நின்றான். கதவுக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன. ஒவ்வொருத்தியாகத் தன் பிள்ளையின் வயதைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டு வாரம். மூணு மாசம். பிறகு மதினியின் குரல்.

“எம் மகனுக்குப் பன்னெண்டு வயசு. இன்னிக்கும் அவன் தூங்குன பொறவுதான் தலையத் தொட்டுப் பாக்கேன்.”

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பையைக் கழற்றாமலே நாற்காலிக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து மம்சாபுரத்துச் சித்தி உள்ளே நுழைந்து, “என்ன, வீட்டுல ஒருத்தரையும் காணோம்?” என்றபடி நேராகக் கதவைத் தள்ள வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து, கதவை மறித்து நின்றான்.

“செத்த நேரம் உக்காருங்க ஆச்சி. மதினி குளிக்காங்க.”

அப்போதும் ‘மதினி’ என்றுதான் சொன்னான்.