தொட்டியிலிருந்து குளத்துக்குப் போன ஊதாப் பூ

தோழியரே, என் வீட்டுத் தொட்டியில் வளரும் ஆகாயத்தாமரையைப் பிடுங்கி எறியும்படி, வேலைக்கு வரும் முத்தம்மாவிடம் இன்று காலை சொன்னேன். குளங்களை மூடி மீன்களைக் கொல்லும் அந்நியச் செடி அது என்று பத்திரிகையில் படித்திருந்தேன்.

சற்று நேரத்தில் பார்த்தால், அவள் வெறுங்கூடையோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குளக்கரையில் நிற்கிறாள். செடிகள் தண்ணீரில் மிதக்கின்றன.

"என்ன வேலை செஞ்சிட்டே முத்தம்மா?"

"மாரியம்மனுக்கு வைக்கிற பூவுங்கம்மா. கால் படுற எடத்துல போடலாங்களா? தண்ணியிலதானே விடணும்."

"இது பெருகிக் குளத்தையே மூடிடும். அப்புறம் அல்லியும் இருக்காது, கெளுத்தியும் இருக்காது."

"எம்புள்ளைங்களுக்கு மீனு இங்கதானுங்களே."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கிவிட்டாள். நான் கரையில் கூடையைப் பிடித்து நின்றேன். ஒரு வேரைக்கூட அவள் விடவில்லை.

"காயவெச்சு எரிச்சிடலாமா?" என்று தயங்கியே கேட்டேன்.

"நெருப்பும் சாமிதானுங்களே. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

சொல்லியிருக்கலாம்தான்.

கொழும்பிலிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்து, உங்களில் நால்வருக்குப் பெருமையோடு கன்று கொடுத்தவளும் நான்தான். தயவுசெய்து எரித்துவிட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.