பதினாறு மணி நேரத்தில் தம்பி வந்துவிடுவான்

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அப்பா இறந்துபோனார். மாதா கோயிலில் துக்க மணி அடித்து ஓய்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "ரெண்டு புள்ளைங்களும் தோள் குடுத்தாத்தான் பெட்டி இந்த வூட்ட வுட்டுப் போவும்." ஒரு பிள்ளை நான், பிறந்ததிலிருந்து ராயபுரத்திலேயே கிடக்கிறேன். இன்னொரு பிள்ளை, என் தம்பி, டொராண்டோவில்.

அவன் எப்போது வருவான் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். துறைமுகத்தில் கப்பல் வருகையைப் பதிவு செய்கிற வேலை எனக்கு. தூரம், நேரம் என்று பேச்சு வந்தால் குடும்பத்தில் நான்தான் மேதாவி. விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பது வேறு விஷயம். செல்போனில் தேடினேன். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் பதினாறு மணி என்று வந்தது. தம்பி அங்கே டிக்கெட் தேடிக்கொண்டிருக்கும்போதே இங்கே நான் அவனைத் தரையிறக்கிவிட்டேன். புதன் மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி, போஸ்டர் அடித்து, மதியத்துக்குள் தண்டையார்பேட்டை வரை ஒட்டியாயிற்று.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். நேர் விமானம் என்று ஒன்று கிடையவே கிடையாதாம். இரண்டு இடத்தில் மாற வேண்டும், நடுவில் ஒரு பாலைவன ஊரில் பதினோரு மணி நேரம் உட்கார வேண்டும், வியாழன் காலைதான் வந்து சேருவான். நான் பார்த்தது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு. கப்பல் கொழும்பில் நின்று, இங்கே வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்து, அப்புறம்தான் உள்ளே வரும் என்று இருபத்தைந்து வருடமாகப் பார்த்துத் திட்டுகிறவன் நான். விமானம் மட்டும் எனக்காக நேரே வரும் என்று நம்பியிருக்கிறேன்.

சாமியாரிடம் போய் அசடு வழிந்தேன். மறுநாள் காலை 'வியாழன்' என்று அச்சடித்த துண்டுக் காகிதங்களோடும் பசை வாளியோடும் நானே தெருத்தெருவாகப் போனேன். இந்த அழகுக்கு இன்னொருவனை அனுப்ப வெட்கமாக இருந்தது. டீக்கடையில் பழைய தோஸ்து ஒருவன், "இன்னா மாமு, நாள மாத்திகினு கீற, பெருசு ஒத்துகினாரா?" என்றான். பசைக் கையோடு தலையாட்டினேன். ஒரு சுவரில் துண்டுக் காகிதம் போஸ்டரிலிருந்த அப்பாவின் முகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அதை உரிக்கப் போய் அவர் மூக்கையும் கிழித்துவிட்டேன்.

வியாழன் காலை தம்பி வந்தான். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். போஸ்டர், வண்டி, சாமியார் என்று அலைந்த நான் அப்படி ஒருதரம்கூட உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா கடைசியா இன்னாண்ணா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அதே வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அம்மாவின் அலறல் கேட்டு நான் இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மாதான் தம்பிக்குப் பதில் சொன்னாள். "அண்ணனத்தான் கேட்டாரு. மேல போய் எயுப்பட்டான்னேன். டூட்டி பாத்துட்டு வந்து தூங்கறான், வுடுன்னாரு."

எங்கள் மாடிக்குப் பதினாலே படிகள். இரண்டு நாளாக அழாதவன் அப்போதுதான் உடைந்து அழுதேன்.